யார் கையில் கட்டினாலும் ஆழம் ஆழம்தான்

சேதி வந்தபோது முழுகுகிறவர்களின் சிலிண்டர்களுக்குக் காற்று அடைத்துக்கொண்டிருந்தேன். அந்த இயந்திரம் போடுகிற சத்தத்தில் போன் அடித்தது காதில் விழவில்லை. நிறுத்திவிட்டுப் பார்த்தால், என் கூட்டாளி இபுராம்சாவின் மனைவி பரிதாவிடமிருந்து ஏழு அழைப்பு. கூப்பிட்டேன். "அண்ணே, அவுக மௌத்தாயிட்டாகண்ணே" என்றது தங்கச்சி. சிலிண்டர்களை அப்படியே போட்டுவிட்டு ஏர்வாடிக்குப் பஸ் ஏறினேன்.

ஏர்வாடி மையவாடியில் அவனை அடக்கி மண் தள்ளிவிட்டுத் திரும்பும்போது பெரியவர்கள் இரண்டு பேர் என் தோளைத் தொட்டு, "அல்லா நாடுனது அம்புட்டுத்தான் தம்பி. கேசையும் இத்தோட விட்ருங்க" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. அல்லா நாடியதை நான் கேள்வி கேட்கவில்லை ஐயா, கம்பெனி நாடியதைத்தான் கேட்கிறேன். அவனோடு கடலில் இறங்கிய கூட்டாளிகளே, நீங்களும் அவனுக்காக வருத்தப்பட்டது போதும். கொஞ்சம் கோபப்படுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவனும் நானும் ஒரே வயது. அவன் கடற்கரைக்காரன், நான் முதுகுளத்தூர்ப் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகிய, வெள்ளாமை பார்க்கிற சம்சாரி மகன். மாப்ள என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வோம். கடலடியில் சிமெண்ட் கூடுகளை இறக்கி, மீன் சேர வைக்கிற வேலையில் சேர்ந்தோம். முழுகுகிறவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சின்னக் கணினியை அங்கேதான் முதலில் பார்த்தோம். எங்களுக்கு அது வாட்ச். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எத்தனை நிமிடம் தங்கலாம் என்று அது சொல்லும். ஆழத்தை அது குறைத்துக் காட்டினால் நிமிடத்தை அள்ளிக் கொடுக்கும். அந்தக் கூடுதல் நிமிடங்களில் ரத்தத்தில் ஏறுகிற காற்று, மேலே வந்ததும் குமிழி விட்டு நரம்பை அறுத்துவிடும்.

அவன் கால் போன அன்று எனக்குக் காது வலி, படகிலேயே இருந்துவிட்டேன். முதல் முழுக்கு முடிந்து மேலே வந்தவன் நங்கூரக் கயிற்றைப் பார்த்தான். ஆறடி கொண்ட பாகத்துக்கு ஒரு துணிமுடிச்சு போட்ட கயிறு அது. "மாப்ள, கயித்துல பதினோரு பாகம் ஓடியிருக்கு. வாட்ச்சு என்னடான்னா பதினாலு மீட்டருங்குது. எட்டு பாகம்கூட வரல" என்றான். நான் பெரிய மேதாவி மாதிரி, "நீவாட்டு இழுப்புல கயிறு சாஞ்சிருக்கும்லே. கருவி பொய் சொல்லுமா?" என்றேன். அவன் சிரித்துவிட்டு மறுபடி இறங்கினான். மூன்று முறை இறங்கினான். மூன்றாவது முறை ஏறி வந்தவன் படகில் கால் ஊன்றவில்லை. குமிழியைக் கரைக்கிற அழுத்த அறை இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவே இல்லை. நான் சொன்ன அந்த வார்த்தையை ஒருநாள்கூட அவன் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வாட்ச்சை இறக்குமதி செய்து விற்ற கம்பெனி மீது ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டான். இரண்டு விஷயம் கேட்டான். தனக்கு இழப்பீடு, அந்த ரக வாட்ச்சை எல்லோர் கையிலிருந்தும் திரும்ப வாங்க வேண்டும் என்ற உத்தரவு. எதிர்த்தரப்புக்கு ஒரு பிடி கிடைத்தது. நாலு பேருக்கு இரண்டு வாட்ச்தான் எங்களிடம் இருந்தது. படகில் ஆணியில் தொங்கும், இறங்குகிறவன் எடுத்துக் கட்டிக்கொள்வான். ஓலைப்பாயில் அடுத்தவனுக்கு இடம் விடுவது போல, அதில் தப்பு இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு ஆளின் கணக்கை இன்னொரு ஆளின் உடம்பில் ஓட்டக்கூடாது என்பது பிறகுதான் புரிந்தது. "கேட்டா, ஞாபகம் இல்லைன்னு சொல்லிடுங்க" என்று எங்கள் வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

குறுக்கு விசாரணையில் அந்தக் கேள்வி வந்ததும் இபுராம்சா, "ஆமாங்கய்யா, மாத்தி மாத்தித்தான் கட்டுனோம். எங்க மேல தப்புத்தான்" என்றான். வக்கீலம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். கம்பெனி வக்கீல் உட்காரப் போனார். இவன் விடவில்லை. "இருங்கய்யா, நான் இன்னும் முடிக்கல. அதுக்கு முந்தின ரெண்டு நாளும் அந்த வாட்ச்ச யாரும் கட்டல. அன்னைக்கி மொதல்ல ஏறுனது என் கையிலதான். சரி, மாத்திக் கட்டுனா நிமிசக் கணக்கு தப்பும், ஒத்துக்கிறேன். ஆழம் எப்படித் தப்பும்? யாரு கையில கட்டுனாலும் ஆழம் ஆழம்தான?" என்றான்.

பிறகு கம்பெனித் தரப்பும் கயிறு சாய்ந்த கதைக்கு வந்தது, என் வாயிலிருந்து பிடுங்கியது போல. நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். இபுராம்சா என் தொடையில் ஒரு தட்டு தட்டி, "ஏலே, சாயாத தண்ணிக்குப் போவோம். ஒங்க அய்யா கெணறு ரொம்பிக் கெடக்குல்ல?" என்றான். நாங்கள் மனுப் போட்டதன் பேரில் ஆணையம் நியமித்த வக்கீல் கமிஷனர், கம்பெனியின் பொறியாளர் எல்லோரும் எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். அவனும் மூன்று சக்கர வண்டியில் வரப்பு வரைக்கும் வந்து, அங்கிருந்து என் முதுகில் ஏறி வந்தான். அளவு நாடாவில் இரண்டு வாட்ச்சையும் கல்லோடு சேர்த்துக் கட்டி, தண்ணீருக்குள் ஒன்பது மீட்டர் இறக்கித் தூக்கினோம். ஒன்று ஏறக்குறைய ஒன்பது காட்டியது. இவன் அன்று கட்டியிருந்தது ஆறரை. பொறியாளர், "இது கடல் தண்ணிக்கு செட் பண்ணது சார். கெணத்துல கொறச்சுத்தான் காட்டும்" என்று இழுத்தார். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தவன் சொன்னான்: "நல்ல தண்ணிக்கு ஒரு சாண் கொறையும், எனக்கும் தெரியும் தம்பி. ரெண்டரை மீட்டர் எங்க போச்சு? தவள முழுங்கிருச்சா?" கமிஷனர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

அதற்குப் பிறகுதான் வீடு தேடி சமரசம் வந்தது. கேட்டதற்கு மேலேயே தருவதாகச் சொன்னார்கள். 'கருவியில் எந்தக் கோளாறும் இல்லை' என்ற ஒரு வரியின் கீழே கையெழுத்து மட்டும் வேண்டுமாம். பரிதா விடிவதற்கு முன் எழுந்து இடியாப்பம் பிழிந்து கடைகளுக்குப் போட்டுத்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது. நானே சொன்னேன், "வாங்கிக்க மாப்ள, போதும்" என்று. என்னை ஒரு முறை முறைத்தான். "காலு போனது எனக்கா ஒனக்கா?" என்றான். பிறகு வந்தவரிடம், "இந்த வாட்ச்சு இன்னும் எத்தன பேரு கையில கெடக்கு?" என்று கேட்டான். அவர் தெரியாது என்றார். "அம்புட்டுப் பேருக்கும் சேத்து நான் எப்படிங்க கையெழுத்துப் போடுறது? டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

படுத்தே கிடந்த உடம்பில் புண்ணும் கிருமியும் புகுந்து, கடைசியில் சிறுநீரகம் போயிற்று. அவன் போன மூன்றாம் வாரமே அதே தாள் பரிதா பெயரில் வந்தது. உங்களுக்கு வெட்கமே கிடையாதா என்று அந்தக் கம்பெனியைக் கேட்கிறேன்! தொண்ணூறு நாளுக்குள் வாரிசைச் சேர்க்காவிட்டால் வழக்கு அற்றுப்போகும் என்றார் வக்கீலம்மா. பரிதாவோ இத்தாவில் இருக்கிறது. புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற வழக்கம். வெளி ஆண்கள் முகம் பார்ப்பதில்லை. சொந்தக்காரர்கள், "இத்தா முடியட்டும், பெறகு பாத்துக்கலாம்" என்றார்கள். அந்தப் பிறகுக்குள் வழக்கு செத்துப்போகும். கம்பெனிக்கும் அந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்?

வக்கீலம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அவர் வாரிசு மனுவோடு உள்ளே போக, நான் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டேன். "அவசரப்பட வேண்டாம் தங்கச்சி, யோசிச்சு..." என்று வெளியிலிருந்தே ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "என்னண்ணே யோசன? இத்தா எனக்குத்தான். கேசுக்கு இத்தா கெடயாது. எங்கன கையெழுத்துப் போடணும், காட்டச் சொல்லுங்க."

இபுராம்சாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிவாதம்தான். போதும் என்று நான் சொன்ன இடத்தில் போதாது என்று சொன்னானே, அது. அதை நான் மண்ணில் போட்டு மூடிவிட்டு வரவில்லை. வரும் வாய்தாவில் வழக்கு எண்ணைச் சொல்லி, மனுதாரர் என்று பரிதாவின் பெயரைக் கூப்பிடுவார்கள். தங்கச்சி வர முடியாது. வக்கீலம்மாவுக்குப் பக்கத்தில் நான் எழுந்து நிற்பேன். அன்றைக்கு உங்களில் யாருக்கெல்லாம் கடல் வேலை இல்லையோ, வந்து எழுந்து நில்லுங்கள்.