ஏ டிரைவில் அந்தோணியார்

எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் முதலில் புனித அந்தோணியாரைத்தான் கூப்பிடுவார்கள். தேடுவது அதற்கப்புறம். சாவியோ மூக்குத்தித் திருகோ கிடைத்துவிட்டால் பெருமை அவருக்கு. கிடைக்காவிட்டால் பழி வீட்டைப் பெருக்கியவர்களுக்கு.

அப்போது எனக்கு எட்டு வயது. ஒரு சனிக்கிழமை காலையில் சித்தியின் கம்ப்யூட்டர் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டு நின்றுபோனது. கல்லூரிக் கடைசி வருட ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள் இருந்தது. திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். "எல்லாம் தொலைஞ்சுபோச்சு" என்று சித்தி அழுதாள். தொலைந்துபோனது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? ஞாயிறுதோறும் சர்ச் வகுப்புக்குக் கொண்டுபோகும் என் ஞானோபதேசப் புத்தகத்துக்குள் இருந்த அந்தோணியார் படத்தை எடுத்து, யாரும் பார்க்காத நேரத்தில் கம்ப்யூட்டரின் ஃப்ளாப்பி வாய்க்குள் தள்ளிவிட்டேன். உள்ளே போய்த் தேட அவருக்கும் ஒரு வழி வேண்டுமே.

சாயங்காலம் மாமா புது ஹார்டு டிஸ்க் ஒன்றும் ஒரு ஃப்ளாப்பியும் வாங்கிவந்தார். பழைய டிஸ்க் அடியோடு படுப்பதற்குள் அதில் இருப்பதைப் புதியதற்கு மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் அந்த ஃப்ளாப்பியில் இருந்தது. ஆனால் ஃப்ளாப்பி பாதியிலேயே நின்றது. மாமா தள்ளினார், ஊதினார், தட்டினார். "இதுவும் அவுட்டா? போறாத காலம்" என்றார். உள்ளே அந்தோணியார் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மெல்லச் சித்தியின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் ஞாயிறு, டவுனில் கம்ப்யூட்டர் கடைகளெல்லாம் பூட்டு. பூசை முடிந்த கையோடு மாமா மொபெட்டில் சின்னாளப்பட்டி நண்பரிடம் போய், அந்த மென்பொருளை ஒரு சிடியில் ஏற்றிவந்தார். கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யவில்லை. நண்பருக்கு போன் போட்டுக் கேட்டார்.

"சும்மா காப்பி பண்ணாப் பத்தாதாம். சிடியவே ஃப்ளாப்பினு மிஷினு நம்பணுமாம். அழுவாத, செத்த நேரத்துல போயிட்டு வாரேன்" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமல், அந்த வெயிலில் மறுபடி கிளம்பினார்.

இரண்டாவது சிடி சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஓர் ஆங்கில 'ஏ' வந்தது, பக்கத்தில் இரண்டு புள்ளிகளோடு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தோணியாருக்கு ஆங்கிலத்தில் முதல் எழுத்து அதுதானே!

"அந்தோணியார் வந்துட்டாரு!" என்று கத்தினேன்.

"அது ஃப்ளாப்பி டிரைவோட எழுத்து பாப்பா" என்று ஆரம்பித்த மாமா, சட்டென்று நிறுத்தி என்னையும் ஃப்ளாப்பி வாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஆமா, அவரேதான். அம்புட்டு தூரம் வந்திருக்காரு, பாவம்" என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ப்ராஜெக்ட் திறந்தது. சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். அன்றைக்குத் திண்டுக்கல்லில் என்னைவிடச் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க முடியாது.

அடுத்த ஞாயிறு ஞானோபதேச வகுப்பில் புத்தகத்தைத் திறந்தால், படம் பழைய பக்கத்திலேயே இருந்தது, குறுக்கே ஒரு கீறலோடு. வேலை முடிந்ததும் அவரே திரும்பிவிட்டார் என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்து மாமாவிடமும் சொன்னேன். அவர் வாயில் கை வைத்து ஆச்சரியப்பட்டார். வெளியே வருவதற்கு அந்தோணியார் ஸ்க்ரூ டிரைவருக்கு எங்கே போயிருப்பார் என்று யோசிக்க அன்று எனக்குத் தெரியவில்லை.