பனிநோய்

நேற்றுக் காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. நார்வேயிலிருந்து சுகந்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். இரண்டு கையிலும் மாவு. முழங்கையால் போனை நிமிர்த்தி, மூக்கு நுனியால் தட்டி ஓடவிட்டேன். சிரிக்காதீர்கள். மண்டபம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தனியாளாக ஒரு டிபன் கடை நடத்திப் பாருங்கள், மூக்குக்கும் வேலை வந்து சேரும்.

வீடியோவில் ஒரே வெள்ளை. இரண்டு பக்கமும் மலை. நடுவில் கடல் நாக்கை நீட்டியதுபோல் உள்ளே வந்து கிடக்கிறது. அதற்கு அங்கே ஃபியோர்டு என்று பெயராம். மேலே கடல் உறைந்து ஐஸாகிவிட்டது. அதன்மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குல்லாயும் கையுறையுமாக நடந்துபோகிறார்கள். சுகந்தியின் மகளும் அதில் ஒருத்தி. டீச்சர் ஒருத்தி மரம் அறுக்கிற ரம்பத்தால் ஐஸை அறுத்து, ஒரு கட்டியை வெளியே இழுத்து, தோசையைத் திருப்புவதுபோல் திருப்பிப் போட்டாள். அடிப்பக்கம் முழுக்கக் காப்பித்தூள் நிறத்தில் என்னவோ அப்பியிருந்தது.

"அன்ரி, பாத்தீங்களோ? அது பாசி" என்றது சுகந்தியின் குரல். "ஐஸுக்குக் கீழ உயிரோட நிக்குது. குளிர்காலம் முடிஞ்சு இப்பதானே வெயில் திரும்பி வருது, அந்தக் கொஞ்ச வெளிச்சமே அதுக்குக் காணுமாம். ஐஸ் கரைஞ்சால் தண்ணியெல்லாம் பாசிதான். அதைத் தின்னப் பூச்சி வரும், பூச்சியைத் தின்ன மீன் வரும். இஞ்ச எல்லாம் இதிலதான் தொடங்குது."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அம்மாட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கோ அன்ரி. பனிக்குக் கீழயே உயிர் இருக்கெண்டு சொல்லுங்கோ. பயத்தை விட்டிட்டு என்னட்ட வரட்டும்."

நான் மாவுக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். "யக்கா, அடுப்புல என்னமோ தீயுது" என்று ஒரு லாரி டிரைவர் சொன்ன பிறகுதான் கொப்பரையில் தண்ணீர் வற்றியது தெரிந்தது.

சுகந்தியின் அம்மா தவமணி அக்கா. மன்னார்க்காரி. சண்டைக்குத் தப்பி, புருஷனோடும் கைக்குழந்தை சுகந்தியோடும் படகேறி வந்து மண்டபம் முகாமில் இறங்கியவள், இன்றுவரை முகாமிலேயே இருக்கிறாள். சுகந்தி வளர்ந்து, மன்னாருக்குத் திரும்பிப்போய், அங்கிருந்து கல்யாணமாகி நார்வேக்குப் போய்விட்டாள். அம்மாவைத் தன்னிடம் வரச்சொல்லி வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறாள். பாஸ்போர்ட்டு, விசா என்று ஆயிரம் வில்லங்கம் உண்டு. ஆனால் தவமணி அக்கா அந்த வில்லங்கம் வரைக்கும் போனதே இல்லை. "அங்க முழுக்கப் பனியாம். எனக்கு வேண்டாம்" என்று முதல் வாசற்படியிலேயே நின்றுவிடுவாள்.

பனி என்றால் அவளுக்கு ஆகாது. மார்கழி பிறந்தால் ஜன்னலை அடைப்பாள், பங்குனி முடிகிற வரைக்கும் திறக்க மாட்டாள். அந்த ஒற்றை அறை அவிந்து கிடக்கும். உள்ளே போய் உட்கார்ந்தால் நமக்கே ஆவி பிடித்த மாதிரி மூக்கு விட்டுப்போகும். ஊரே அவளைக் கிறுக்கச்சி என்றது. எனக்கு மட்டும்தான் சங்கதி தெரியும்.

நாங்கள் இரண்டு பேரும் பாசி வளர்த்தோம். டிபன் கடை போடுவதற்கு முன்னால் என் பிழைப்பு அதுதான். அதற்கும் முன்னால் தீவுப் பக்கம் முங்கிப் பாசி பறித்துக்கொண்டிருந்தோம். அங்கே போகக்கூடாது என்று தடை வந்ததும், "கரையிலேயே பாசி வளக்கலாம்" என்று ஒரு திட்டம் வந்தது. எந்தத் திட்டம், யாருடையது என்பதெல்லாம் எதற்கு? எல்லாத் திட்டத்துக்கும் ஒரு சார் இருப்பார், அவருக்கு ஒரு பைக் இருக்கும். மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, குறுக்கே கயிறு இழுத்து, கயிற்றில் துண்டு துண்டாகப் பாசியை முடிந்து, கீழே ஒரு வலையைப் பூட்டிக் கடலில் மிதக்கவிட வேண்டும். வலை எதற்கென்றால் ஓரா மீனுக்காக. பாசியைக் கண்டால் அதற்கு நம் வீட்டுக் கல்யாணப் பந்திதான்.

மிதவைகள் என் பெயரில் இருந்தன. முகாமில் இருக்கிறவளுக்குக் கடலில் ஒரு முழம் கயிறு கட்டக்கூடப் பெயர் கிடையாது. ஆனால் பாதி அவளுடையது. வேலையில் பாதிக்கு மேலே அவளுடையது. பாசி முடிந்து முடிந்து எங்கள் விரல்கள் வெந்துபோயிருக்கும். காயப்போட்ட பாசியின் கவிச்சி தலைமுடியில் ஏறிக்கொள்ளும். சீயக்காய் போட்டாலும் போகாது. என் வீட்டுக்காரர் தள்ளிப் படுத்ததற்கு அந்தக் காலத்தில் நான் கண்டுபிடித்த காரணம் அதுதான். பாசியை விட்ட பிறகும் தள்ளித்தான் படுத்தார், அது வேறு கதை.

தவமணி அக்காவின் புருஷன் யோகன். வெளியூர்களில் பெயிண்ட் அடிக்கப் போவார். முகாம் ஆண்கள் பலருக்கும் அதுதான் வேலை. சிரித்த முகம். சுகந்தி மன்னாருக்குப் போன பிறகு ஒரு வருஷம், முகாமில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு, ஆஸ்திரேலியா. கள்ளத்தனமாகப் படகு போகிறதாம், போய்ச் சேர்ந்தால் நிஜமான மனுஷர்களாக வாழலாமாம். யோகனுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே போனால் கேள்வி, வந்தால் கேள்வி, பொழுது சாய்ந்தால் உள்ளே வந்துவிட வேண்டும் என்று எத்தனை வருஷம் ஒரு ஆம்பளை இருப்பான்?

தவமணி அக்கா காலில் விழாத குறையாக மன்றாடினாள். கடைசியில் அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். தை மாதம் கட்டிய பாசி நல்லபடியாக விளைந்தால் போகமாட்டேன், நாமே இன்னும் நாலு மிதவை போட்டு இங்கேயே இருந்துகொள்ளலாம் என்றார். அதை என்னிடம் சொல்லக் கடற்கரைக்கு ஓடிவந்தாள்.

"எடியே பிள்ளை, இது சரிவந்துதெண்டால் அவர் போகமாட்டார். இந்தப் பாசிதான் அவரைக் கட்டிவைச்சிருக்கு."

"வெளையும்க்கா. நம்ம கையி ராசியான கையி. சும்மா இரிய."

மாசிக் கடைசியில் பாசியின் நுனி வெளுத்தது. முதலில் ஒரு கயிற்றில், பிறகு பக்கத்துக் கயிற்றில். சாருக்குப் போன் போட்டோம். வந்தார். பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு நின்று, ஒரு துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் தாளில் இருந்த இங்கிலீஷ் பேரைத் தமிழாக்கிச் சொன்னார்: "இதுக்குப் பேரு பனிநோய். கவனமா இருக்கணும்மா." அதற்குள் அவருக்கு வேறெங்கிருந்தோ அழைப்பு வந்தது. "நாளைக்கு வந்து விவரமாச் சொல்றேன்" என்று பைக்கை உதைத்தார். அந்த நாளை வரவேயில்லை. வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம்.

நமக்குப் பனி என்றால் என்ன? மாசி மாதத்து விடிகாலை. தலையில் துண்டைப் போட்டால் தீர்ந்தது. ஆக, கரையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி அண்ணாந்து வானத்தைப் பார்த்தோம்.

"ஏத்தா, பனி எறங்கி பாசிக்குச் சளி புடிச்சிருச்சோ?" என்றாள் ஒருத்தி.

"மூக்கு எங்கன இருக்குன்னு பாத்துத் தைலம் தேச்சு விடு" என்றாள் இன்னொருத்தி.

சிரித்தோம். சிரித்துக்கொண்டே வீட்டிலிருந்த பழைய சேலைகளைக் கொண்டுபோய் மிதவைமேல் விரித்தோம். ஆமாம், தண்ணீரில் கிடக்கிற பாசிக்குப் பனி படாமல் முக்காடு! நானே என் கல்யாணத்துக்கு மறுவீட்டில் கட்டிய சேலையைக் கொண்டுபோய்ப் போட்டேன். இரண்டாம் நாள் அலை அதைக் கொண்டுபோனது. பாசி வெளுப்பது நிற்கவில்லை.

அப்போதுதான் தவமணி அக்கா சொன்னாள்: "ஆழத்தில தண்ணி குளிரடி. பனியும் குளிர். இரண்டும் சேர்ந்து கொல்லுது. கரைக்கு இழுப்பம். இஞ்ச தண்ணி சூடு, வெயில் அடிவரைக்கும் போகும். பிழைச்சிடும்."

காய்ச்சல்காரனை வெயிலில் உட்காரவைப்பது மாதிரி, நியாயமாகத்தான் பட்டது. எல்லாரும் சேர்ந்து இழுத்தோம். யோகனும் வந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே, "பனிக்குப் பயந்து கடலையே கரைக்குக் கொண்டாறியள்" என்று கிண்டல் பண்ணினார். அன்றைக்கு அவர் சிரித்ததுதான் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. மிதவைகள் முழங்கால் ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன. தவமணி அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

பங்குனி பிறந்தது. பள்ளிக்கூடத்தில் இளவேனில், முதுவேனில் என்று பருவங்களை மனப்பாடம் பண்ணினோமே, எங்கள் பக்கம் அந்த இளவேனில் எப்போது வந்து எப்போது போனது என்று பார்த்தவர் ஒருத்தரும் இல்லை. மாசி முடிந்தால் நேராகக் கொள்ளிக்கட்டைதான். ஆழமில்லாத தண்ணீர் உச்சிவெயிலில் காலைச் சுட்டது. பாசி மொத்தமாக வெளுத்தது. தொட்டால் கையோடு கழன்று வந்தது. ஒரு வாரத்தில் கயிறுகள் வெறுங்கயிறாக ஆடிக்கொண்டிருந்தன. அழுகிய பாசி கரையெல்லாம் ஒதுங்கி, அந்த நாற்றத்தில் நாய்கூட அந்தப் பக்கம் வரவில்லை. தவமணி அக்கா மட்டும் அதில் உட்கார்ந்திருந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தும் எழுந்திருக்கவில்லை.

யோகன் சண்டை போடவில்லை. தூத்துக்குடிக்குப் பெயிண்ட் வேலைக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார். நாலைந்து நாளில் ஒரே ஒரு போன் வந்தது. "போட் ஏறப்போறம். போய்ச் சேர்ந்து எடுக்கிறன். பாசிக்கு நீ அழாதை." அவ்வளவுதான். அந்தப் படகு போய்ச் சேர்ந்ததாகவும் தகவல் இல்லை, மூழ்கியதாகவும் தகவல் இல்லை. விசாரித்த இடத்திலெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அன்றிலிருந்து தவமணி அக்கா பனியைத் திட்டினாள். "என்ர மனுசனைக் கடல் கொண்டுபோகேல்ல, பனிதான் கொண்டுபோனது" என்பாள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி, மண்ணை வாரித் தூற்றாத குறைதான். பனியும் பாவம், பதில் சொல்லாமல் வருஷாவருஷம் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போனது.

இரண்டு வருஷம் கழித்து வேறொரு பயிற்சிக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு உண்டு என்றதால் போனேன், பொய் சொல்வானேன்? அங்கே ஒரு சின்னப் பெண் பனிநோயைப் பற்றிப் பாடம் நடத்தினாள். "இங்கிலீஷ்ல ஐஸ்னுதான் பேரு, ஆனா குளிருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லக்கா. பாசி வெளுத்து ஐஸ் மாதிரித் தெரியிறதால வெச்ச பேரு. தண்ணி சூடேறினா இன்னும் மோசமாகும். அப்ப மிதவைய ஆழத்துக்குத் தள்ளணும்." சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். எவனோ ஒருத்தன் வெள்ளையைப் பார்த்து ஐஸ் என்றான். ஐஸைப் படித்து எங்கள் சார் பனி என்றார். பனியைக் கேட்டு நாங்கள் பாசியை அடுப்புக்குள் கொண்டுபோய் வைத்தோம். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டு அந்த ஆள் பைக்கில் ஏறியிருக்கக்கூடாதா?

தவமணி அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை. இழுக்கச் சொன்னது அவள். பனியைத் திட்டிக்கொண்டாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது சுகந்தி இந்த வீடியோவை என் கையில் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அம்மா வேண்டும். காட்டாவிட்டால் தவமணி அக்கா அந்த அவிந்த அறையிலேயே கிடந்து சாவாள். காட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மத்தியானக் கூட்டம் முடிவதற்குள் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடையைச் சாத்திவிட்டு முகாமுக்கு நடந்தேன். பெற்ற பிள்ளை கூப்பிடுகிறது, போகட்டுமே என்றுதான் போனேன்.

வழக்கம்போல ஜன்னல் அடைத்திருந்தது. பேத்தியைப் பார்க்கலாம் என்றதும் முகம் மலர்ந்து போனை வாங்கினாள். டீச்சர் ஐஸைத் திருப்பிப் போட்டதும் மலர்ச்சி நின்றது.

"இன்னொருக்கால் போடு."

போட்டேன்.

"இது இப்ப எடுத்ததோ?"

"ஆமாக்கா. இந்தப் பங்குனியிலதான்."

"ஐஸுக்குக் கீழ."

"அது வேற பாசிக்கா. அந்த ஊருக் கடலு வேற. நம்மளது..."

"சாகேல்ல, என்ன?"

நான் போனை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"அப்ப எங்கட பாசியைக் கொன்றது பனியில்லை. ஆர் கரைக்கு இழுக்கச் சொன்னது?"

"அந்த சார்தான்க்கா. அவருதானே பனிநோயின்னு..."

"அவர் பேர்தான் சொன்னவர். இழுக்கச் சொன்னது நான்."

அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னல் கொக்கியை எடுத்தாள். துருப்பிடித்திருந்தது, இரண்டு தட்டுத் தட்டினாள். வெயில் உள்ளே வந்து விழுந்தது.

"சுகந்திக்குச் சொல்லு, நான் வரேல்ல. பனிக்குப் பயமில்லை இப்ப. ஆனால் என்ர மனுசன் வந்தால், பாசியைக் கொன்றது பனி இல்லை நான்தான் எண்டு நான் சொல்லவேணும். நான் இஞ்ச இருக்கோணும்."

திரும்பும்போது கடற்கரை வழியாக வந்தேன். நாங்கள் மிதவை போட்ட இடத்தில் ஒரு மூங்கில் இல்லை, பாசி காயப்போட்ட வலை இல்லை, முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி இல்லை. யோகன் இல்லை. தவமணி அக்காவுக்கு மிச்சமிருந்தது திட்டுவதற்கு ஒரு பனிதான். அதையும் நேற்று நானே கொண்டுபோய்க் காட்டி இல்லாமல் பண்ணிவிட்டு வந்தேன்.