எங்கள் லேபுக்கு விழுந்த தடை

இது இணையக் கலைக்களஞ்சியத்தில் புதிதாக எழுத வருகிறவர்களுக்கு. ஒரு தடையை எதிர்த்து வாதாடி ஜெயித்த கதை. ஜெயித்ததில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சிவப்புப் பெட்டி

காலையில் லேபைத் திறந்து சிஸ்டங்களை ஆன் செய்துகொண்டிருந்தேன். செல்வி அக்கா கூப்பிட்டார்.

"கதிரு, இங்க வா. என்னமோ செவப்பா காட்டுது."

போய்ப் பார்த்தேன். இந்த ஐ.பி. முகவரியிலிருந்து கலைக்களஞ்சியத்தைத் தொகுக்க, அதாவது திருத்தி எழுத, தடை. காரணம், தொடர் விஷமத் தொகுப்புகள். காலம், ஓராண்டு.

"நான் என்னத்த விஷமம் பண்ணுனேன்?" என்றார் அக்கா.

பெரம்பலூரில் அரசுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு மையம் அது. நான் லேப் இன்சார்ஜ். பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கையோடு சேர்ந்தவன், நெட்வொர்க்கில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பில் இருந்தவன். செல்வி அக்கா எம்.ஏ. வரலாறு. மாதிரித் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பார். செந்துறைப் பக்கத்திலிருந்து அரியலூர் வந்து பஸ் மாறி வருவார்.

கலைக்களஞ்சியத்தில் கணக்கு இல்லாமலே யாரும் திருத்தலாம். பெயருக்குப் பதில் ஐ.பி. நம்பர் பதிவாகும். எங்கள் லேப் மொத்தத்துக்கும் ஒரே இணைப்பு, ஒரே நம்பர். உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் வெளியே இருப்பவர்களுக்கு நாங்கள் ஒரே ஆள்.

அக்கா அந்த நம்பரில்தான் எழுதினார். அவருடைய ஊரைப் பற்றிய பக்கத்தில் ஏரி இருந்தது, கோயில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. கிழக்குத் தெருவைப் பற்றி மட்டும் ஒரு எழுத்து இல்லை. அக்காவின் தெரு அது. ஏரிக்கரையை மண் சுமந்து உயர்த்தியவர்கள் அந்தத் தெருக்காரர்கள் என்று பழைய அரசாங்க வெளியீடு ஒன்றில் இருந்ததைச் சான்று காட்டி, நாலு வரி சேர்த்திருந்தார். யாரோ இரண்டு முறை நீக்கினார்கள். அக்கா இரண்டு முறையும் திரும்பப் போட்டார். அதன்பிறகு யாரும் கை வைக்கவில்லை, வரிகள் அப்படியே இருந்தன.

கணக்கு தொடங்கச் சொல்லி முன்பே கேட்டிருக்கிறேன்.

"பேரு தெரிஞ்சா மொதல்ல எந்த ஊரு, எந்தத் தெருன்னுதான் கேப்பாங்க. அப்புறம் எழுதுனத எவன் படிக்கப் போறான்?"

"புனைபெயர் வச்சுக்கலாம்க்கா."

"வச்சாலும் நோண்டுவாங்க. எங்கூர்ல இதெல்லாம் எழுதுற ஆளு வேற யாரு இருக்கா? நம்பர்னா பெரம்பலூர்ல எவனோ ஒருத்தன்னு விட்டுருவாங்க."

முருகேசன் சாரின் சட்டம்

விஷமம் யாருடையது என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் நிர்வாகி முருகேசன் சாருக்கு ஒரு வழக்கம். மாதிரித் தேர்வில் விடை தப்பு என்று எவனாவது சண்டைக்கு வந்தால், "ஸ்கிரீன்ல காட்டு, மார்க் தரேன்" என்பார்.

பசங்களும் காட்டினார்கள். காட்டுவதற்கு முன் கலைக்களஞ்சியத்தைத் தங்கள் விடைக்கு ஏற்ப மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். ஒரு சட்டம் வந்த ஆண்டை ஒருவன் மாற்றி மார்க் வாங்கிப் போனான். அவன் எழுந்த நாற்காலியில் பிரவீன் என்ற இன்னொரு பையன் உட்கார்ந்து வேறோர் ஆண்டாக மாற்றி அவனும் வாங்கினான். சார் இரண்டு பேருக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"ஏன்டா, திருப்பி மாத்தி வைக்கவாச்சும் தோணலையா?" என்றேன்.

"அடுத்த டெஸ்ட்டுக்கும் அதே கேள்வி வந்தா என்னண்ணே பண்றது?" என்றான் பிரவீன்.

பேச்சுப் பக்கம்

தடை போட்டவர் கலைக்களஞ்சியத் தளத்தின் நிர்வாகிகளில் ஒருவர், பயனர்பெயர் ஆலமரம். நான் என் போனில், என் கணக்கிலிருந்து, தளத்தில் விவாதம் நடக்கும் பேச்சுப் பக்கத்தில் அவருக்கு நீளமாக எழுதினேன். இது ஒரு பயிற்சி மையம், பலர் பயன்படுத்தும் ஐ.பி., சிலர் செய்ததற்கு எல்லோரையும் தடுப்பது நியாயமா என்று கேட்டேன்.

பதில் சீக்கிரமே வந்தது. "தடை விழுந்த எல்லோரும் இதையே சொல்கிறார்கள். தம்பி செய்தான், நண்பன் செய்தான், விசைப்பலகையில் பூனை நடந்தது."

பிறகுதான் கவனித்தேன். தடையோடு அந்த நம்பரின் அண்மைத் தொகுப்புகள் அனைத்தையும் மொத்தமாக நீக்கிப் பக்கங்களைப் பழையபடி ஆக்கியிருந்தார்கள். தப்பான ஆண்டுகளோடு கிழக்குத் தெருவும் போயிருந்தது.

அதை மட்டும் என் கணக்கிலிருந்து திரும்பப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நீக்கிவிட்டார்கள். குறிப்பு: தடை செய்யப்பட்டவருக்காக இயங்கும் கைப்பாவைக் கணக்கு.

எனக்கு வீம்பு ஏறிவிட்டது. நல்ல தொகுப்புகளைச் செய்தவர் வேறு ஆள் என்று எழுதினேன். ஆலமரம் கேட்டார்: "அப்படியானால் அவர் கணக்கு தொடங்கித் தாமே வந்து சொல்லட்டும்."

அக்காவிடம் கேட்டேன்.

"நான் வர மாட்டேன்டா."

"ஒரே ஒரு தடவைக்கா. வந்து நான்தான்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

"அதச் சொல்லக் கூடாதுன்னுதானே இம்புட்டு நாளா நம்பர்ல எழுதுனேன்."

நான் விடவில்லை. பிரவீனையும் மற்றவனையும் உட்காரவைத்து ஆளுக்கொரு மன்னிப்பு எழுத வைத்தேன். முருகேசன் சார் மையத்தின் மின்னஞ்சலிலிருந்து விளக்கம் அனுப்பினார். இனி அச்சுப் புத்தகத்தில் காட்டினால்தான் மார்க் என்றும் அறிவித்தார். ஆலமரம் இறங்கிவந்தார். தடை தளர்ந்தது: கணக்கு வைத்திருப்பவர்கள் எங்கள் லேபிலிருந்து தொகுக்கலாம்.

சார் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். நான் டம்ளரோடு அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, தொறந்துட்டாங்க."

"நம்பர்லயே எழுதலாமா?"

"இல்லக்கா, கணக்கு இருந்தா எழுதலாம்."

அக்கா டீயை வாங்கி மேசையில் வைத்தார்.

"அப்ப எனக்கு என்னடா தொறந்துச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு அன்றைய கேள்வித்தாளைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். அதன்பிறகு அந்தத் தளத்தை அவர் திறந்து நான் பார்க்கவில்லை. சில மாதங்களில் ஆலத்தியூரில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

பிறகு

ஓராண்டு முடிந்து தடை தானாகவே காலாவதியானது. அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். "சரிப்பா" என்று மட்டும் பதில் வந்தது.

போன வாரம் அந்த நாலு வரியை மறுபடி போட்டேன், சான்றோடு, என் பெயரில். அன்றே நீக்கப்பட்டது. பேச்சுப் பக்கத்தில் எனக்கு ஒரு கேள்வி காத்திருந்தது. ஆலமரம் இல்லை, நான் அறியாத வேறு யாரோ.

"நீங்கள் அந்த ஊரா? எந்தத் தெரு?"

எத்தனையோ பக்கம் வாதாடினேன். நம்பர் யாருடையது, விஷமம் யாருடையது, நான் யார், யார் யாருடைய கைப்பாவை, எல்லாம் எழுதினேன். அந்த நாலு வரி சரியா தப்பா என்று ஆலமரமும் கேட்கவில்லை, நானும் கேட்க வைக்கவில்லை. நீங்கள் ஒரு தடையை எதிர்த்து எழுதப்போனால், எழுதியவர் நல்லவர் என்று நிரூபிக்கக் கிளம்பாதீர்கள். எழுதியதை முதலில் படிக்கச் சொல்லுங்கள். ஆள் யார் என்ற பேச்சு தொடங்கிவிட்டால் பிறகு அந்தப் பேச்சு மட்டும்தான் ஓடும்.

பக்கத்தில் ஏரி இருக்கிறது, கோயில் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. எந்தத் தெரு என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.