ஸ்டெல்லா அக்காவின் பூனை சாப்பிட்ட கிறிஸ்துமஸ்

திண்டிவனத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா தனியாக இருப்பவர். கால் எலும்பு முறிந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அவருடைய பூனையின் பெயர் மணி. அதற்கு இரண்டு நாளாக நான்தான் சோறு வைக்கிறேன். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இன்று கிறிஸ்துமஸ் என்று மீன் வறுத்து வைத்தேன். அதையும் தொடாமல் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, போனை மணியின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"டேய் மணி, ஏன்டா துன்னாம பேஜாரு பண்ணிக்கினு இருக்க? நல்ல நாள் அதுவுமா பட்டினி கெடக்கலாமா? ஜல்தி துன்னுடா, நான் வந்துடறேன்."

அதட்டலாகத்தான் ஆரம்பித்தார். கடைசியில் குரல் உடைந்துவிட்டது.

மணி போனை முகர்ந்தது. பிறகு தட்டுக்குப் போய் மீனை முள்ளோடு தின்றது. அந்தப் பக்கம் வார்டே கைதட்டியது.

நான் போனை வைப்பதற்குள் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா பேசினார். "யம்மா, எனக்கும் கிளியனூர்ல ஒரு பூனை இருக்குது. நான் இங்க வந்து அஞ்சு நாள் ஆவுது, வூட்ல வேற யாரும் இல்ல. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர்றியா?"

"போறேங்கம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

இப்போது பாண்டிச்சேரி பஸ்ஸில், மீதி மீனோடு உட்கார்ந்திருக்கிறேன். தெருவைக் கேட்டுக்கொண்டேன், பூனையின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். பெயர் தெரியாத பூனையை நீங்களெல்லாம் எப்படிக் கூப்பிடுவீர்கள்? கிளியனூர் வர இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது.