முனிரத்தினம் பாவாவுக்கு, ஆள் மாற்ற முடியாத ஒரு ஷிஃப்டிலிருந்து

முனிரத்தினம் பாவா போய்விட்டார்.

காலையில் அரக்கோணம் ஸ்டேஷன் வாசலில் வேனை நிறுத்திவிட்டு, திருத்தணி கோயில் சவாரிக்காகக் காத்திருந்தாராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சீட்டிலேயே சாய்ந்தவர்தான்... ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

நான் குஜராத்தில் இருக்கிறேன். இந்த ஆபீஸில் அவரைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

பாவா என்றால் எங்கள் பக்கம் அக்கா வீட்டுக்காரர். ஆனால் இவர் சொந்தம் இல்லை. எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் முன்பு நாங்கள் இருவரும் டைரக்‌ஷனல் டிரில்லர்கள். அந்தக் கிணறு நேராக இறங்கி, பாதியில் வளைந்து, படுக்கையாகப் போகவேண்டும். பூமிக்கு அடியில் அந்த வளைவை ஓட்டுவதுதான் எங்கள் வேலை.

சேர்ந்த அன்று நான் அம்மாவிடம் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"எந்த ஊருப்பா?"

"திருத்தணி சார்."

"நான் பொதட்டூர்பேட்டை. சார் மோருலாம் வேணாம், பாவான்னு கூப்புடு."

இருவருக்கும் ஒரே கேபின், ஒரே கட்டில். அவர் எழுந்து டியூட்டிக்குப் போனால் நான் படுப்பேன். மெத்தையில் அவர் படுத்திருந்த சூடு அப்படியே இருக்கும். முகம் பார்ப்பது ஷிஃப்ட் மாறும்போது, ஒரு டீ நேரம். அந்த டீ நேரத்தில்தான் இத்தனை பழக்கமும்.

ஊரில் எங்கள் வேலை யாருக்கும் புரியாது. ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணத்தில் பெரியவர் ஒருவர், "எங்க கொல்லையில ஒரு போர் போடணும், வந்து பாரு நைனா" என்று பாவாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆங், பார்த்துடலாம். ஆனா உங்க கொல்லையில ஆரம்பிச்சா பக்கத்து ஊட்டு கொல்லையில போய் முடியும். பரவால்லியா?"

பெரியவர் நிஜமாகவே யோசித்தார். பாவா சிரிக்கவே இல்லை.

என் அப்பா இறந்த செய்தி வந்தபோது கிணறு சரியாக வளைவில் இருந்தது. பாவா அப்போதுதான் ஷிஃப்ட் முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். துடைக்கக்கூட இல்லை, திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ கெளம்பு. அப்பாவை பாத்துட்டு நெதானமா வா. இத நான் பாத்துக்கறேன்."

நான் வரும்வரை என் ஷிஃப்டும் அவருடையதுதான். அப்பாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது பாவாவால்தான்.

அப்புறம் ஆட்டோமேட்டிக் ஸ்டியரிங் வந்தது. துளைக்கும் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதுவே கணக்குப் போடும், அதுவே திருப்பும். நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பாவாவுக்கு அது வரவில்லை. மீட்டர் முள் கொஞ்சம் விலகினால் போதும், கை தானாகப் போய்க் குமிழைத் திருப்பிவிடும். உடனே சிஸ்டம் "நீயே ஓட்டிக்கொள்" என்று கழன்றுகொள்ளும், அலாரம் அடிக்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பரீட்சையில் பேசிப் பிடிபட்ட பையன் மாதிரி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கிணறு முடிந்ததும் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "நம்மளவிட நல்லாத்தான் ஓட்டிகீதுடா" என்றார். பொறாமையெல்லாம் இல்லை. நிஜமாகவே நன்றாகத்தான் ஓட்டியிருந்தது.

பிறகு ரிக்கில் ஆள் வேண்டாம் என்றார்கள். ஒருத்தர் ஆபீஸில் உட்கார்ந்து எல்லாக் கிணறுகளையும் திரையில் பார்த்தால் போதும். அந்த நாற்காலி எனக்கு வந்தது. பாவா ஊருக்குப் போய் வேன் வாங்கினார். "ஸ்டியரிங்கு இல்லாம உக்கார முடியலடா" என்பார்.

சவாரி இல்லாதபோது போன் பண்ணுவார்.

"இன்னா பண்ணிகினு கீறே?"

"பாத்துகினு கீறேன் பாவா."

"இன்னாத்த?"

"அது ஓட்டறத."

"செரி, பாரு" என்பார். வைக்கமாட்டார். பேசவும் மாட்டார். அந்தப் பக்கம் ரயில் அறிவிப்பும் ஆட்டோ சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு அது போதும். நாள் முழுக்க நான் கேட்கிற ஒரே தமிழ் சில நாட்களில் அவர் பேச்சும் அந்த அறிவிப்பும்தான்.

இன்று அவர் நம்பரிலிருந்து போன் வந்தபோது வழக்கம்போல "சொல்லுங்க பாவா" என்றேன். பேசியது அவர் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"பாவா போய்ட்டாருப்பா... நீ வந்துடுவ இல்ல? சாயங்காலம் எடுக்கலாம்ன்றாங்க. நீ வரேன்னா நாளைக்கு வரைக்கும் வெச்சிருக்கச் சொல்றேன்."

மேனேஜர் நல்ல மனிதர். நாலு இடத்தில் போன் போட்டுப் பார்த்தார். வேறு ஆள் இல்லை. கிணறு தானாக ஓடும், ஆனால் இந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, அது விதி. ஒருத்தருக்காக இன்னொருத்தர் உட்கார முன்பு நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் மட்டும்தான். மாற்று ஆள் எப்போது வருவார் என்று மேனேஜராலும் சொல்ல முடியவில்லை.

அக்காவைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"எனக்காக வெச்சிருக்க வேணாம் அக்கா. எடுத்துடுங்க."

"ஆங்... செரிப்பா" என்றார்.

என் வாயால் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. அழுகை வருகிறது. கோபமும் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நடுவில் சிஸ்டம் அடுத்த வளைவுக்கு ஒப்புதல் கேட்டது. கொடுத்தேன்.

இப்போதுதான் அக்காவின் தம்பியிடமிருந்து மெசேஜ். எடுத்துவிட்டார்களாம்.

நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

போய் வாங்க பாவா.