பின்வாசலில் பார்த்த ஆள்

ஆம்பூரில் அப்போது நான் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை செய்துகொண்டிருந்தேன். சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து மயிரைப் பிரிக்கும் வேலை. விரல் நுனியெல்லாம் புண். கை கழுவ நல்ல தண்ணீர்க் குழாய் கேட்டு முதலாளியிடம் பேச ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று.

நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரி. வாட்டசாட்டமான ஆள், பேசினால் கொட்டகை முழுக்கக் கேட்கும். மற்றவர் தோலைத் தரம் பிரிப்பவர். ஒல்லி, கொஞ்சம் படித்தவர், மெதுவாகப் பேசுவார். அங்கேயே வேலை செய்த என் புருஷன் மேஸ்திரி கட்சி. எங்களோடு இருந்த என் தம்பி மற்றவர் கட்சி. எனக்கு இருவர் மேலும் நம்பிக்கை இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் மேனேஜர் வீட்டுப் பின்வாசலிலிருந்து மேஸ்திரி வெளியே வந்தார், துண்டால் வாயைத் துடைத்தபடி. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தார்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். "அந்தத் தரம் பிரிக்கிறவரு மேனேஜர் வூட்டுப் பின்பக்கமா வந்தாரு. நான் பாத்தேன்."

"அப்பவே சொன்னேன்ல? நம்மள வித்துட்டான். மெதுவா பேசறவன நம்பவே கூடாது."

"இருங்க, மாத்திச் சொல்லிட்டேன். நான் பாத்தது மேஸ்திரிய."

"நம்ம விஷயமாத்தான் போயிருப்பாரு. தைரியமான ஆளு."

"தைரியமான ஆளு பின்வாசல் வழியாவா போவாரு?"

"ஒனக்கு இன்னா தெரியும்?"

தம்பி வந்ததும் உள்ளதைச் சொன்னேன். குதித்தான். "பாத்தியாக்கா! இன்னா வாங்கினானோ!"

"ஒங்க ஆளு போயிருந்தா?"

"போமாட்டாரு. போயிருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்."

தேர்தல் அன்று எல்லாரும் முற்றத்தில் கூடினோம். கை தூக்கும் உரிமை ஆண்களுக்குத்தான். அதற்கு முன் நான் சத்தமாகக் கேட்டேன்: "மேஸ்திரி, மேனேஜர் வூட்டுக்கு எதுக்குப் போனீங்க?"

அவர் கோபப்படவில்லை. "கேக்கறது யாருன்னு பாருங்கப்பா!" என்று சிரித்தார். முற்றமே சிரித்தது. எதிர்த்து நின்றவர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். அவரும் அந்த வாசலுக்குப் போனவர்தானோ? இன்றுவரை தெரியாது.

மேஸ்திரி ஜெயித்தார். குழாயும் வந்தது, ஆண்கள் வேலை செய்யும் பக்கத்தில் மட்டும். பெண்களுக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். ஒரு வாரம் பொறுத்தோம். பிறகு ஒரு மத்தியானம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் குழாய்க்கே போய்க் கை கழுவினோம். மேஸ்திரி தூரத்திலிருந்து கத்தினார். ஒருத்தியும் நகரவில்லை.

மறுநாள் அவரே குழாயடிக்கு வந்தார். "இன்னாம்மா, தண்ணி நல்லா வருதா?" ஏதோ அவர் வெட்டிய கிணறு போல!

அன்று சாயங்காலம் என் புருஷன் சொன்னார்: "பாத்தியா, கடைசில பொம்பளைங்களுக்கும் தண்ணி வுட்டுட்டாரு எங்க மேஸ்திரி."