துரையின் சந்தைப் பிரசங்கமும் என் தமிழும்

மேடையில் பேசுகிறவரைப் பார்த்து எறிகிற கல், பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிறவன் மேல்தான் விழும். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

யுத்தம் முடிந்தும் அரிசிக்கும் துணிக்கும் சர்க்காரின் விலைக் கன்ட்ரோல் போகாத காலம். கம்பத்துக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் நான் குமாஸ்தா. அப்போதுதான் பல தேசத்துப் படிப்பாளிகள் சுவிட்சர்லாந்தில் ஒரு மலையில் கூடி, 'விலை வைப்பது சந்தையின் வேலை, சர்க்காருக்கு அங்கே என்ன வேலை?' என்று ஒரு சங்கம் வைத்தார்கள். துரையின் லண்டன் சிநேகிதரும் அதில் ஒருவர். சேதி வந்ததும் துரைக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊர் ஊராகப் பிரசங்கத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர் இங்கிலீஷுக்கு நான் தமிழ்.

தேனியில் கூடிய கூட்டம்

கட்டுப்பாடில்லாத சந்தை என்பதற்குத் தமிழ் என்னவென்று என்னிடம் கேட்டிருக்கலாம். துரை தானே அகராதியில் 'ஃப்ரீ' என்பதைப் பார்த்து, 'இலவசச் சந்தை' என்று தண்டோரா போடச் சொல்லிவிட்டார். சனம் சாக்கும் கூடையுமாக வந்து குவிந்துவிட்டது. துரைக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு ஆர்வமா!" என்று உருகிப் பேச ஆரம்பித்தார்.

நானும் விடாமல் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மயிலாடும்பாறையிலிருந்து வந்த ஒரு அம்மாள் முன்னால் வந்து சாக்கை விரித்தாள். "பேச்சைப் பெறகு கேட்டுக்கிறோம் சாமி. மொதல்ல உளுந்தைப் போடச் சொல்லுங்க."

உத்தமபாளையத்து மாலை

ஜவுளிக்கடை ராவுத்தர் ஒருவர் எங்களுக்குப் பரம விசிறி. துரைக்கு ரோஜா மாலை போட்டு, தன் கடை வாசலிலேயே கூட்டம் வைத்தார். 'சர்க்கார் விலகட்டும்' என்றபோது அவர் கைதட்டல்தான் பெரிசு. 'யாரும் எங்கேயும் கடை போடலாம்' என்றதும், கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து எதிர்வீட்டைக் காட்டி, "அப்ப தை மாசம் இங்கன ஒரு ஜவுளிக்கடை போட்டுருதேன்" என்றார்.

ராவுத்தர் கைதட்டல் நின்றது. என் காதில் மெல்லச் சொன்னார்: "சர்க்கார் விலகணும்னு சொன்னாகல்ல? அப்படியே இவனையும் சேத்து விலகச் சொல்லுங்க தம்பி."

தேவதானப்பட்டி ஸ்டேஷன்

இது சிரிப்பாக முடியும் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் போலீஸ் என்னை மட்டும் கூட்டிப் போனது. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். "தொரை என்ன பேசுனாரோ எனக்குத் தெரியாது. கன்ட்ரோலை எடுன்னு தமிழ்ல சனத்தைத் தூண்டினது நீதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

துரை பின்னாலேயே ஓடி வந்து, குற்றமெல்லாம் தன்னுடையது என்று இங்கிலீஷில் வாதாடினார். அதையும் நான்தானே தமிழில் சொல்ல வேண்டும்? சொன்னேன். இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார்: "பாரு, மறுபடியும் இவனே பேசுதான்!"

என்னை விடாமல் எழமாட்டேன் என்று துரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் விட்டார்கள். வாசலில் ஏட்டு தோளைத் தட்டினார்: "இனிமே தொரை பேசட்டும். நீ வாயை மட்டும் அசை."

மலையில் நடந்தது

அடுத்து அந்தச் சங்கம் கூடியபோது துரையே கப்பலேறிப் போய்வந்தார். ஆள் வாடியிருந்தார். எல்லாரும் ஒரே கொள்கைக்காரர்கள். ஆனால் நாணய மதிப்பைப் பற்றி ஒருவர் சொன்னது அடுத்தவருக்கு ஒப்பவில்லையாம், ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டாராம். கம்பத்து வாழைக்காய்த் தரகரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"அம்புட்டு ஒசரம் ஏறியும் வெலை படியாமலே எறங்கிட்டாக போல."

எல்லாச் சந்தையையும் திறந்துவிடச் சொல்லி ஊர் ஊராய்த் தொண்டை கிழியப் பேசிய எனக்கு, என் சம்பளத்தைக் கூட்டிக் கேட்க மட்டும் கடைசிவரை தமிழிலும் வாய் வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை.